கதைக்குள் ஒரு கருதுகோள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கதை கேட்பவர் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. "அப்புறம் என்ன ஆயிற்று?" என்பது ஒன்று. "அது எப்படி?" என்பது மற்றொன்று. முதற் கேள்வியோடு நிற்பவர் கதை முடிந்ததும் நூலை மூடி வைத்துவிடுகிறார். இரண்டாம் கேள்வி எழுந்தவரோ நூலை மீண்டும் முதற் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்குகிறார். இந்த இரண்டாம் வகை வாசகரைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆங்கிலத்தில் 'காவியக் கற்பனை' எனத்தக்க ஒருவகை நாவல் உண்டு. ஆசிரியர் தாமே ஓர் உலகைப் படைத்து, அதற்கு நாட்டுப்படம், அரச மரபு, பழங்கதை, மொழி ஆகியவற்றையும் வகுத்து, அதன்மேல் கதையை நடத்திச் செல்வார். ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996 முதல் வெளியிட்டுவரும் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசை ஆகியவை இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவை. இத்தகைய நூல்களில் ஆசிரியர் சொன்னது பாதி என்றால் சொல்லாமல் விட்டது பாதி. விட்ட பாதியை வாசகர்கள் தாமே ஊகித்து, தமக்குள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டு வருகிறார்கள்.

இதனை வேலையற்றோர் வேலை என்று பெரியவர்கள் பலர் ஒதுக்குவதுண்டு. என் எண்ணம் வேறு. ஆய்வுக்கூடத்தில் நாம் பயில்வதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. ஊகம் செய்ய எவராலும் முடியும். ஆனால் எந்த ஊகம் கருதுகோள் என்னும் பெயருக்குத் தகுதி உடையது? இவ்வினாவுக்கு விடை காண, வாசகர் ஊகங்களுள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். இக்கதைகளின் இரகசியங்கள் கீழே வெளிப்படும். இனிமேல்தான் படிக்கவேண்டும் என்றிருப்போர் பொறுத்தருள்க.

ஜான் ஸ்னோவின் தாய் யார்?

மார்ட்டினின் கதை வெஸ்டரோஸ் என்னும் கற்பனை நாட்டில் நிகழ்கிறது. அதன் வடபுலத்துப் பிரபு நெட் ஸ்டார்க். அவர் நேர்மைக்குப் பெயர்போனவர். அத்தகையவர் போருக்குச் சென்று திரும்பும்போது ஒரு குழந்தையோடு வருகிறார். அது மணவாழ்வுக்கு வெளியே தமக்குப் பிறந்த மகன் என்று ஊரார் எண்ணும்படி விட்டுவிடுகிறார். அக்குழந்தையே ஜான் ஸ்னோ. தாயைப் பற்றி மனைவி ஒருமுறை கேட்டபோது, என்றும் இராத கடுமையோடு அவள் வாயை அடைக்கிறார். ஜான் தம் இரத்தம் என்கிறாரே தவிர, அவ்விடத்தில் 'என் மகன்' என்று சொல்லவில்லை.

வாசகர்கள் இங்கே நின்றார்கள். மகனும் ஒருவனுக்கு இரத்த உறவே. தங்கை பெற்ற பிள்ளையும் இரத்த உறவே. அப்படியாயின் நெட் அக்குழந்தையின் தந்தை அல்லர், தாய்மாமன் என்று கொண்டால் என்ன? அவருடைய தங்கை லியானா இளம்வயதில் இறந்தவள். இளவரசன் ரேகர் டார்கேரியன் அவளைத் தூக்கிச் சென்றான் என்பதே அப்போருக்குக் காரணமானவற்றுள் ஒன்று. லியானாவுக்கும் ரேகருக்கும் பிறந்தவனே ஜான் என்பது கருதுகோள். முதல் நூல் 1996இல் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே இக்கருத்து வாசகரிடையே வேரூன்றிவிட்டது.

இதற்குரிய சான்றுகளைப் பார்ப்போம். முதலாவது, கால் முறிந்து காய்ச்சலில் கிடக்கும் நெட் காணும் கனவு. போரின் முடிவில் அவரும் தோழர் அறுவரும் ஒரு தனித்த கோபுரத்தை அடைகிறார்கள். அதனை அரச மெய்க்காவலர் மூவர் காத்து நிற்கிறார்கள். மெய்க்காவலர் மொத்தமே எழுவர்தாம்; அரசனையும் அரச குடும்பத்தையும் காப்பதே அவர்கள் கடமை. அரசன் கொல்லப்பட்டான், ரேகரும் போர்க்களத்தில் வீழ்ந்தான், எஞ்சிய சிறு இளவரசன் கடலுக்கு அப்பால் ஒரு தீவில் இருக்கிறான். அங்கெல்லாம் செல்லாமல், மூன்று பெருவீரர்கள் பாழ்வெளியில் ஒரு கோபுரத்தை ஏன் காக்கவேண்டும்? அதனுள்ளே அரச மரபின் வித்து ஒன்று இருந்தாலன்றி இதற்குப் பொருளில்லை. அக்கோபுரப் போரில் பிழைத்தவர் நெட்டும் மற்றொருவருமே.

இரண்டாவது, லியானா இறக்கும்போது நெட் அவளுக்குக் கொடுத்த வாக்கு. என்ன வாக்கு என்பது சொல்லப்படவில்லை. ஆனால் அதன் நினைவு அவரை வாழ்நாளெல்லாம் வருத்துகிறது. பிணத்தை ஊருக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்வதாகக் கொடுத்த வாக்குக்கு இத்தனை வேதனை வேண்டியதில்லை. மூன்றாவது, நெட்டின் நண்பனும் புதிய அரசனுமான ராபர்ட்டின் பகை. டார்கேரியன் குலத்தில் ஒரு குழந்தையையும் உயிரோடு விடக்கூடாது என்னும் வெறி அவனுக்கு உண்டு. உண்மை வெளிப்பட்டால் ஜான் பிழைக்கமாட்டான். நேர்மையாளர் ஒருவர் ஒரே ஒரு பொய்யை வாழ்நாளெல்லாம் சுமந்த காரணம் இப்போது விளங்குகிறது.

நான்காவது சான்று நீலநிற ரோஜா. ஒரு விழாவில் ரேகர் தன் மனைவியைக் கடந்துசென்று, லியானாவுக்கு அந்த மலர்முடியைச் சூட்டுகிறான். 1998இல் வெளிவந்த இரண்டாம் நூலில், கதையின் மற்றொரு கோடியில் இருக்கும் டெனேரிஸ் என்பவள், பனிச்சுவரின் வெடிப்பில் நீலமலர் ஒன்று பூத்திருப்பதைக் காட்சியாகக் காண்கிறாள். வடக்கே பனியாலான பெருஞ்சுவரில் காவல் புரிபவன் ஜான் என்பதை வாசகர் மறக்கவில்லை.

இவற்றுள் ஒன்றை மட்டும் காட்டினால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு இடங்களும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. கதையில் வேறு பெண்களின் பெயர்களும் தாயென்று சொல்லப்படுகின்றன. ஆஷாரா என்னும் உயர்குலப் பெண், வில்லா என்னும் பணிப்பெண், ஒரு மீனவன் மகள் என மூன்று வதந்திகள் உண்டு. அவை தாய் யார் என்பதற்கு மட்டுமே விடை தரும். கோபுரத்தையோ, வாக்கையோ, மலரையோ விளக்கமாட்டா.

இக்கதையைத் தொலைக்காட்சித் தொடராக்க டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் என்னும் இருவர் மார்ட்டினை அணுகியபோது, அவர் கேட்ட கேள்வி ஜானின் தாய் யார் என்பதே. அவர்கள் சரியான விடை சொல்லி இசைவு பெற்றார்கள். 2011இல் தொடங்கிய அத்தொடரில், 2016 ஜூன் மாதம் ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியில், லியானாவே தாய் என்பது காட்டப்பட்டது. வாசகர் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தது உறுதியாயிற்று.

இதனினும் எனக்கு வியப்பளித்தது வேறொன்று. 2014இல் எடின்பரோ புத்தக விழாவில் மார்ட்டின் பேசும்போது, வாசகர் சிலர் தம் கதையின் விடைகளை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டதைக் குறிப்பிட்டார். அதற்காகக் கதையை மாற்றினால் ஏற்கெனவே விதைத்த குறிப்புகள் அனைத்தும் பொய்யாகிவிடும். ஆகவே மாற்றப்போவதில்லை என்பது அவர் முடிவு. படைத்தவரே தம் உலகின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நிற்பதால்தான் அவ்வுலகில் ஆராய்ச்சி செய்ய இயலுகிறது.

மொழிபெயர்ப்பு சொன்ன சாட்சி

ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையிலிருந்து அடுத்த எடுத்துக்காட்டு. நம் பாட்டிமார் கதைகளில் அரக்கனின் உயிர் கிளிக்குள் இருப்பதுபோல, இதில் வோல்டமார்ட் என்னும் கொடியவன் தன் உயிரின் ஒரு கூறை ஒரு கழுத்துப் பதக்கத்தில் ஒளித்து வைக்கிறான். 2005இல் வெளிவந்த ஆறாம் நூலின் முடிவில், அப்பதக்கத்தை வேறொருவர் முன்னமே எடுத்துவிட்டது தெரிகிறது. அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் ஆர்.ஏ.பி. என்ற மூன்று எழுத்துகள் மட்டும் இருந்தன.

'பி' எழுத்தில் தொடங்கும் குடும்பப்பெயர் உடையோர் அக்கதையில் பலர். ரெகுலஸ் பிளாக் என்பவனே அவன் என்பது பெரும்பாலோர் ஊகம். வோல்டமார்ட்டின் கூட்டத்தில் சேர்ந்து, பின்னர் விலக முயன்று இறந்தவன் என்று 2003இல் வந்த ஐந்தாம் நூல் அவனைப் பற்றிக் கூறியிருந்தது. அவன் வீட்டைத் துப்புரவு செய்கையில், எவராலும் திறக்க இயலாத பதக்கம் ஒன்று கிடைத்ததும் அதே நூலில் ஒரு வரியாக வந்திருந்தது.

இங்கே எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு சாட்சி வந்தது. பிளாக் என்றால் கருப்பு. டச்சு மொழிபெயர்ப்பில் அக்குடும்பப்பெயர் 'ஸ்வார்ட்ஸ்' என மாற்றப்பட்டு, 'இஸட்' எழுத்தில் தொடங்குகிறது. அம்மொழிபெயர்ப்பில் கடிதத்தின் எழுத்துகள் ஆர்.ஏ.இஸட். என்றே இருந்தன! நார்வே மொழிபெயர்ப்பில் அப்பெயர் 'எஸ்' எழுத்தில் தொடங்கும், கடிதமும் ஆர்.ஏ.எஸ். என முடிந்தது. வேறு குடும்பமாக இருந்திருந்தால் இவ்விரு மொழிகளிலும் எழுத்து இப்படி ஒத்து மாறியிராது. 2007இல் வந்த ஏழாம் நூல் இவ்வூகத்தை மெய்ப்பித்தது. ஒரே அளவை இருவேறு கருவிகளால் எடுத்துச் சரிபார்ப்பதற்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை.

சிறகா? சிறகு போன்றதா?

எல்லா வழக்கும் இவ்வாறு தீர்ப்பில் முடிவதில்லை. டோல்கீனின் முதல் தொகுதியில், மோரியா என்னும் நிலத்தடி நகரின் பாலத்தில், கேண்டால்ஃப் என்னும் மந்திரவாதி பால்ராக் என்னும் நெருப்புப் பூதத்தை எதிர்த்து நிற்கிறார். பூதத்தைச் சூழ்ந்த இருள் இரு பெருஞ்சிறகுகள்போல் விரிந்தது என்று முதலில் எழுதும் ஆசிரியர், சற்றுப் பின்னர், அதன் சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று 'போல்' இன்றி எழுதுகிறார். பால்ராக்கிற்குச் சிறகு உண்டா, இல்லையா? வாசகர் இரு கட்சியாகப் பிரிந்து இன்றும் வாதிடுகிறார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு இவ்வழக்கு எளிதில் புரியும். முன்னது உவமை. பின்னது அவ்வுவமையின் தொடர்ச்சியாக வந்த உருவகமா, அன்றி உள்ளதை உள்ளவாறு கூறியதா என்பதே சிக்கல். பாலம் உடைந்ததும் பால்ராக் பாதாளத்தில் விழுந்தது. சிறகிருந்தால் ஏன் பறக்கவில்லை என்பர் ஒரு கட்சியார். சிறகுடைய பறவையெல்லாம் பறக்கிறதா என்பர் மறுகட்சியார். டோல்கீன் 1973இல் மறைந்துவிட்டார். உருவகம் என்போர் பக்கமே நான் நிற்கிறேன். ஆயினும் மறுகட்சியார் வாதத்தில் பிழை காட்ட என்னால் இயலவில்லை.

இதே பாலத்தில் பிறந்த மற்றோர் ஊகம் இவ்வளவு வலிமை உடையதன்று. பாதாளத்தில் விழும்முன் கேண்டால்ஃப் தம் தோழரை நோக்கி 'ஃப்ளை' என்கிறார். கழுகுகளின்மேல் ஏறிப் பறந்து செல்லுங்கள் என்பதே அவர் கூறிய இரகசியத் திட்டம் என்பர் சிலர். பழைய ஆங்கில வழக்கில் அச்சொல்லுக்குத் தப்பி ஓடுதல் என்றும் பொருள் உண்டு. நாமும் "சிட்டாய்ப் பறந்துவிட்டான்" என்கிறோமே. அவனுக்குச் சிறகு முளைத்ததாகவா பொருள்? கழுகுத் திட்டம் ஒன்று இருந்ததாக அதற்கு முன்னும் பின்னும் நூலில் ஒரு குறிப்பும் இல்லை. ஒரு சொல்லின்மேல் மட்டும் கட்டிய வீடு அந்தச் சொல் நழுவினால் சரிந்துவிடும்.

விடையை வேண்டாத வினா

டோல்கீன் கதையில் டாம் பாம்படில் என்றொருவர் வருகிறார். காட்டோரம் பாடித் திரியும் இவர்மேல் அந்த வல்லமை மிக்க மோதிரம் ஒரு மாற்றமும் செய்வதில்லை. அணிந்தவர் எல்லாரும் மறைந்துபோகும் மோதிரத்தை இவர் அணிந்தால் மறைவதில்லை! இவர் கடவுளே என்றும், தேவகணத்தில் ஒருவர் என்றும், நிலத்தின் ஆவி என்றும் பலவாறு ஊகிக்கிறார்கள். கடவுள் என்னும் ஊகத்தை டோல்கீன் தம் கடிதத்தில் மறுத்திருக்கிறார். 1954இல் எழுதிய மற்றொரு கடிதத்தில், பாம்படிலைப் புதிராக விட்டது தாம் அறிந்தே செய்தது என்றும் கூறியுள்ளார். கதை எழுதுமுன்பே, 1934இல் வெளியான அவர் கவிதை ஒன்றில் இப்பாத்திரம் தோன்றிவிட்டது. பெயரோ அவர் வீட்டுப் பிள்ளைகளின் பொம்மை ஒன்றினுடையது. ஆகவே நூலுக்குள் தேடி இவருக்கு ஒரு குலமும் கோத்திரமும் கண்டுபிடிப்பது அரிது. கருவியால் அளக்க முடியாததை அளந்ததாக எழுதாமல் விடுவதும் ஆராய்ச்சியாளனுக்குரிய ஒழுக்கமே.

தொகுத்துக் கூறின், நல்ல கருதுகோள் ஒன்று பல புதிர்களை ஒருங்கே அவிழ்க்கும். ஒன்றையொன்று சாராத இடங்களிலிருந்து சான்று பெறும். தோற்பதற்கும் இடம் கொடுக்கும். ஏழாம் நூலில் வேறொரு பெயர் வந்திருந்தால் ரெகுலஸ் ஊகம் அன்றே மாண்டிருக்கும். அந்த ஆபத்தை ஏற்றதால்தான் அதன் வெற்றிக்கு மதிப்பு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்தவன் நானே முதல்வன். நம்மில் பலரும் அப்படித்தான். வகுப்பில் ஒரு கருத்து தோன்றினாலும், 'இதைச் சொல்ல நாம் யார்?' என்ற தயக்கம் நாவைக் கட்டிவிடுகிறது. இவ்வாசகர் விவாதங்களில் உன் ஊர் எது, உன் தகப்பனார் என்ன படித்தார் என்று எவரும் கேட்பதில்லை. "எந்த நூல்? எந்த இடம்?" என்பது ஒன்றே கேள்வி. இடத்தைக் காட்டியவன் சொல் ஏறும். காட்டாதவன், அவன் எத்துணைப் பெரியவனாயினும், அமரவேண்டியதுதான். அறிவியலின் அறமும் இதுவே என்று நம் ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள்.

எனவே நண்பர்களே, அடுத்தமுறை நூலகத்தில் ஒரு பருத்த நாவலை எடுத்தால், முடிவை அறியும் அவசரத்தில் பக்கங்களைத் தள்ளாதீர்கள். பென்சிலும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆசிரியர் சொல்லாமல் விட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊகத்தை நண்பரிடம் சொல்லி, அவர் மறுப்பையும் கேளுங்கள். அவ்வாறு வாதிட வருவோரை மாலையில் நம் நூலக வாயிலில் சந்திக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். முக்கியமாக, பால்ராக்கிற்குச் சிறகு உண்டு என்பவர்களை!