பாரிஸ் சென்ற இமாம்

மகனை மேற்படிப்புக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பும் நம் இல்லங்களில் பயணப் பெட்டியோடு கவலையும் சேர்த்தே கட்டப்படுகின்றது. போகும் இடத்தில் ஐவேளைத் தொழுகை நிலைக்குமா, உணவில் ஹலால் பேணப்படுமா, பட்டத்தோடு திரும்புகிறவன் ஈமானோடும் திரும்புவானா என்றெல்லாம் பெற்ற மனம் ஏங்குவது இயல்பே.

இக்கவலைக்கு இருநூறு ஆண்டு வயதாகிறது. 1826ஆம் ஆண்டு எகிப்தை ஆண்ட முஹம்மது அலீ பாஷா, நாற்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிரான்சு நாட்டுக்குக் கல்வி கற்க அனுப்பியபோது, அவர்களோடு இமாம்களையும் அனுப்பி வைத்தார். மாணவர்களுக்குத் தொழ வைப்பதும், அவர்கள் மார்க்க நெறி வழுவாமல் பார்த்துக் கொள்வதும் அந்த இமாம்களின் பொறுப்பு. பாரிஸ் மாநகரில் இன்றுள்ள பெரிய பள்ளிவாசல் 1926ல்தான் திறக்கப்பட்டது. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்நகரில் தொழுகை நடத்தப் புறப்பட்டவர்களுள் ஒருவர்தாம் ஷைகு ரிஃபாஆ ராஃபிஉ அத்தஹ்தாவீ.

மேல் எகிப்தின் தஹ்தா என்னும் ஊரில் 1801ல் பிறந்தவர் அவர். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் ஓதித் தேர்ந்து, அங்கேயே பாடமும் சொல்லிக் கொடுத்து, பின்னர் படைப்பிரிவு ஒன்றில் இமாமாக இருந்தவர். பாரிஸ் பயணத்துக்கு அவரைப் பரிந்துரைத்தவர் அவருடைய ஆசிரியர் ஹஸன் அல்அத்தார். நெப்போலியனின் படை எகிப்துக்குள் நுழைந்த காலத்தில் பிரெஞ்சு அறிஞர்களோடு பழகிய அப்பெரியார், “கண்டவற்றையெல்லாம் குறித்து வை” என்று மாணவருக்குக் கூறி அனுப்பினார்.

கவனிக்க வேண்டிய செய்தி இதுதான்: ஷைகு ரிஃபாஆவைப் படிப்பதற்காக எவரும் அனுப்பவில்லை. பிறரைப் பார்த்துக் கொள்ளச் சென்ற அவர், தாமாகவே மாணவராகிவிட்டார். மர்ஸேய் துறைமுகத்தில் இறங்கியதும் பிரெஞ்சு எழுத்துகளைக் கற்கத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடித்தார். பாரிஸ் வந்தபின் தமக்குக் கிடைத்த உதவித்தொகையிலிருந்து நூல்கள் வாங்கினார். தனி ஆசிரியர் ஒருவரையும் அமர்த்திக் கொண்டார். இரவெல்லாம் படித்ததில் இடக்கண் பார்வை பழுதுற்றது. இரவில் படிக்கக் கூடாதென்று மருத்துவர் தடுத்தும் அவர் கேட்கவில்லை.

மாணவர்கள் தொடக்கத்தில் ஒரே வீட்டில் தங்கவைக்கப்பட்டனர். தம்முள் தம் மொழியிலேயே பேசிக் கொண்டிருந்தமையால் பிரெஞ்சு வரவில்லை. ஆகவே அவர்களைப் பிரித்து, பிரெஞ்சு மாணவர்கள் பயிலும் விடுதிப் பள்ளிகளிலும் ஆசிரியர்களின் இல்லங்களிலும் சேர்த்தனர். வெளிநாட்டில் நம் பிள்ளைகள் ஊர்க்காரர்களோடு மட்டுமே ஓர் அறையில் கூடி வாழ்வதைக் காணும்போது இச்செய்தி நினைவுக்கு வரும்.

அவருக்கு எல்லாமே புதுமை. மர்ஸேயில் அவர் கண்ட காப்பிக் கடையின் சுவர்களில் பெரும் கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் தெரிந்த உருவங்களை உண்மையான கூட்டமென்று எண்ணிய அவர், தம் உருவத்தையும் அவற்றினிடையே கண்ட பின்னரே விளங்கிக் கொண்டார். ஒரே தட்டில் கூடி உண்ணாமல் ஒவ்வொருவரும் தனித்தட்டும் கரண்டியுமாக நாற்காலியில் அமர்ந்து உண்பதையும் விவரித்திருக்கிறார். நாடக அரங்குக்கு ஏற்ற அரபுச் சொல் கிட்டாமல், பிரெஞ்சுச் சொல்லையே அரபு எழுத்தில் எழுதினார். செய்தித்தாள்களைப் பற்றியும் எழுதினார்: அவற்றில் பொய்களுக்குக் கணக்கில்லை, ஆயினும் அநீதி இழைக்கப்பட்டவனின் குரல் ஊரறியச் செய்ய அவை உதவுகின்றன என்று. நாளிதழ் ஒன்றில் அச்சாகும் கட்டுரையில் இதை எடுத்துரைக்கச் சற்றுத் துணிவு வேண்டும்!

இக்குறிப்புகளே ‘தக்லீஸுல் இப்ரீஸ்’ என்னும் நூலாயின. பொன்னைப் புடமிட்டு மாசு நீக்குதல் என்பது அதன் பொருள். பெயருக்கேற்பவே நூலும் அமைந்துள்ளது. முஹம்மது நபி (ஸல்) அவர்கள் கொணர்ந்த ஷரீஅத்துக்கு முரண்படாதவற்றை மட்டுமே மெச்சுவேன் என்று அல்லாஹ்வைச் சாட்சியாக்கித் தொடங்குகிறார். அம்மக்களின் தூய்மையையும் அறிவு வேட்கையையும், எளிய தொழிலாளிகூட எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதையும் மனமாரப் போற்றுகிறார். ஒழுக்கத் தளர்ச்சியையும், அறிவை மட்டுமே நம்பி வேதத்தைக் கைவிட்ட போக்கையும் மறைக்காமல் கண்டிக்கிறார். மொந்தெஸ்கியூ, வோல்த்தேர், ரூஸோ ஆகியோரின் நூல்களை அவர் படிக்காமல் ஒதுக்கவில்லை. ஆனால், இத்தத்துவங்களில் இறங்க விரும்புகிறவன் முதலில் திருக்குர்ஆனிலும் சுன்னத்திலும் ஊன்றி நிற்க வேண்டும் என்று எச்சரிக்கிறார். நூல்களைப் பூட்டி வைக்கச் சொல்லாமல், படிப்பவனை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தச் சொன்னார் என்பதே என் கருத்தில் அவருடைய பெருஞ்சிறப்பு.

பிரான்சின் 1814ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தையும் அவர் அரபியில் பெயர்த்தார். அவர்கள் சுதந்திரம் என்று அழைப்பது நம்மிடம் நீதி என்றும் நடுநிலை என்றும் வழங்குவதுதான் என விளக்கினார். அச்சாசனத்தை மீறிப் பத்திரிகைகளின் வாயை அடைக்க முயன்ற பத்தாம் சார்லஸ் மன்னரை 1830 ஜூலையில் பாரிஸ் மக்கள் மூன்றே நாளில் வீழ்த்தியபோது அவர் அங்கேதான் இருந்தார். அதே மாதத்தின் தொடக்கத்தில்தான் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைக் கைப்பற்றியிருந்தது. இஸ்லாத்தின்மீது கிறிஸ்தவம் பெற்ற வெற்றியென்று பாரிஸின் தலைமை மதகுரு அதற்கு நன்றி செலுத்தியதையும், அது சமயப் போரே அன்று, வணிகமும் பகையும் விளைத்த அரசியல் போர் என்பதையும் ஷைகு பதிவு செய்தார். சிறிது நாளில் மூண்ட கிளர்ச்சியில் அம்மதகுருவின் மாளிகை சூறையாடப்பட்டதையும் எழுதாமல் விடவில்லை.

அரபு மொழிப் பேரறிஞர் ஸில்வெஸ்தர் த ஸாஸி கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பாராட்டினார். பாரிஸ் நகரத்தாரை வைத்துப் பிரெஞ்சு மக்கள் அனைவரையும் எடைபோட்டுவிட்டார் என்று ஒரு குறையும் சொன்னார். நியாயமான குறைதான். அதனை மறைக்காமல் தம் நூலிலேயே சேர்த்தார் ஷைகு.

1830 அக்டோபரில் இறுதித் தேர்வு எழுதி, 1831ல் தாயகம் திரும்பினார். 1834ல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில், ஆசிரியர் அத்தாரின் முன்னுரையோடு நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் பொறுப்பில் தொடங்கப்பட்ட மொழிப் பள்ளியில் பயின்ற மாணவர்கள் மருத்துவம், கணிதம், வரலாறு முதலிய துறைகளில் ஏராளமான நூல்களை அரபியில் பெயர்த்தனர். ஆட்சி மாறியதும் பள்ளி மூடப்பட்டது. 1850ல் அவர் சூடானின் கார்ட்டூமுக்கு அனுப்பப்பட்டார். அது பணிமாற்றம் என்னும் பெயரிலான நாடுகடத்தல். அங்கும் சிறுவர் பள்ளி நடத்தியவாறே பிரெஞ்சு நூலொன்றை அரபியில் பெயர்த்தார். 1854ல் திரும்பி வந்து, முதுமையில் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் கல்வி வழிகாட்டி ஒன்று எழுதினார். இந்த இறுதி ஆண்டுகளில் அவர் எழுதிய மற்றொரு நூல், பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு. 1873ல் கெய்ரோவில் வஃபாத்தானார்.