வால்வு அம்பிளிபயர் வாங்கலாமா?

வீட்டிலிருந்து இசை கேட்டு மகிழ்வோர் பலருக்கு ஒரு காலத்தில் ஓர் ஆசை பிறப்பதுண்டு. வால்வுகள் செந்நிறமாய் ஒளிரும் அம்பிளிபயர் ஒன்றைத் தாமும் வாங்கிக் கேட்க வேண்டும் என்பதே அவ்வாசை. பழைய வானொலிப் பெட்டியின் குரலினிமையை நினைந்து ஏங்கும் முதியோரும், அப்பெட்டியைக் கண்டிராத இளைஞரும் இதற்கு ஆட்படுகின்றனர். விலையோ சிறிதன்று, பல குடும்பங்களுக்கு அது பல மாதச் சேமிப்பாகும். ஆகவே, வால்வு எத்தகையது, அது எதனைத் தரும், பதிலுக்கு எதனைக் கேட்கும் என்பவற்றை அறிந்த பின்னரே தீர்மானித்தல் தகும்.

வால்வு என்பது காற்று அகற்றப்பெற்ற கண்ணாடிக் குழாய். 1904ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் இரு மின்வாய்களையுடைய வால்வை ஆக்கினார். 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பொரெஸ்ற் அவற்றிற்கு இடையே ஒரு கம்பிவலையைப் புகுத்தினார். சூடேறிய கதோட்டிலிருந்து புறப்படும் இலத்திரன்கள் அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. வலையில் உண்டாகும் மிகச் சிறிய மின்மாற்றமும் அப்பாய்ச்சலைப் பெரிதும் கூட்டவோ குறைக்கவோ வல்லது. வாய்க்கால் மடைப்பலகையைச் சற்றே உயர்த்தியும் தாழ்த்தியும் கமக்காரன் பெருநீரை ஆள்வதும் இவ்வாறே. மெல்லிய இசைக்குறி வலுப்பெறும் இரகசியம் இதுதான்.

1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் பிறந்தது. அதன் விளைவை ஒரே நிறுவனத்தின் வரலாற்றிற் காணலாம். பீற்றர் வோக்கர் என்பவர் நிறுவிய ஆங்கில நிறுவனம் 1953இல் குவாட் 2 என்னும் வால்வு அம்பிளிபயரை வெளியிட்டது. அதன் வலு 15 உவாற்று. 1967இல் அதே நிறுவனம் குவாட் 303 என்னும் திரான்சிஸ்டர் அம்பிளிபயரைக் கொணர்ந்தது. அதன் வலு ஒவ்வொரு பக்கத்திற்கும் 45 உவாற்று. வலு மிகுந்தது, வெப்பம் குறைந்தது, வால்வு மாற்றும் வேலையும் ஒழிந்தது. இன்றும் அளவுகருவி கொண்டு சோதிப்பின், நல்ல திரான்சிஸ்டர் அம்பிளிபயரே பெரும்பாலும் பிழை குறைந்ததாகக் காணப்படும்.

அவ்வாறாயின் வால்வின் ஒலியைப் பலர் விரும்புவது ஏன்? சிலவகை வால்வு அம்பிளிபயர்கள், குறிப்பாக ஒற்றை வலுவால்வால் இயங்குபவை, மூல ஒலியுடன் அதன் இருமடங்கு அதிர்வெண்ணையும் சிறிதளவு சேர்த்துவிடுகின்றன. இருமடங்கு அதிர்வெண் என்பது மேல் ஸ்தாயி. ஸட்ஜத்துடன் மேல் ஸட்ஜம் மெல்லெனக் கலந்தால் செவிக்கு இன்னாமை தோன்றாது. ஒலி சற்றுச் செறிந்ததாகவே தோன்றும். அளவு மீறிய வேளையிலும் வால்வு படிப்படியாகவே தடுமாறும். எனவே, வால்வின் இனிமை பொய்யன்று. ஆயினும் அது சேர்க்கையே, உண்மையின் மிகுதியன்று. இதனை உணர்ந்து விரும்புவோர் ஏமாறுவதில்லை.

அடுத்து நோக்க வேண்டியது ஒலிபெருக்கிப் பெட்டி. இதனை மறந்தே பலர் பணத்தை இழக்கின்றனர். ஒரு உவாற்று வலுவைக் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளக்கும்போது ஒரு பெட்டி 86 தெசிபெல் ஒலியும், மற்றொன்று 92 தெசிபெல் ஒலியும் தரலாம். 3 தெசிபெல் உயர்வதற்கு வலு இருமடங்காக வேண்டும். 6 தெசிபெல்லுக்கு நான்கு மடங்கு வேண்டும். ஆகவே, இரண்டாவது பெட்டியில் 8 உவாற்று செய்யும் பணிக்கு முதற்பெட்டியில் 32 உவாற்று தேவைப்படும். தனி வீணைக்குச் சிறு வலு போதியதாகலாம்; நாதஸ்வரமும் தவிலும் திடீரென ஓங்கும் வேளையில் அது தளர்ந்துவிடும். ஈ.எல்.84 என்னும் சிறு வால்வு ஒன்று தனித்து ஏறத்தாழ 5 உவாற்று தரும். இணையாக இயங்கின் 10 முதல் 15 உவாற்று வரை தரும். கையிலுள்ள பெட்டி எத்தகையது என்பதை அறியாமல் அம்பிளிபயரைத் தெரிதல், காலை அளவாமற் செருப்பு வாங்குதலை ஒக்கும்.

இனி அது கேட்கும் பணிவிடை. நான்கு ஈ.எல்.84 வால்வுகளின் இழைகளைச் சூடாக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 19 உவாற்று செலவாகும். மெல்லக் கேட்பினும் உரக்கக் கேட்பினும் இச்செலவு குறையாது. காற்றோட்டமான இடம் வேண்டும். வலுவால்வுகள் சில ஆயிரம் மணிநேரமே உழைக்கும். நாள்தோறும் இரண்டு மணிநேரம் கேட்போர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்ற நேரிடும். சுலொவாக்கியா, ருஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் வால்வுகள் இன்றும் செய்யப்படுகின்றன. ஆயினும் அவற்றை வரவழைக்கும் செலவையும் முன்னரே கணக்கிட வேண்டும். இலங்கையில் மின்னழுத்தம் 230 உவோல்ற்று. அமெரிக்க வீடுகளுக்கெனச் செய்யப்பட்ட 120 உவோல்ற்றுக் கருவியை நேரே பொருத்துதல் அழிவாகும்.

பாதுகாப்பு இவை யாவற்றினும் தலையாயது. உள்ளே 300 உவோல்ற்றும் அதற்கு மேலும் ஓடும். மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் ஒடுக்கிகளில் உயிர்போக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். சிறுவர் கைக்கு எட்டாதவாறு வைத்தல் வேண்டும், பயிற்சியற்றோர் திறத்தலாகாது. ஒலிபெருக்கியைப் பொருத்தாமல் இயக்கின் வெளியீட்டு நிலைமாற்றி பழுதடையக்கூடும். ஐம்பது அறுபது ஆண்டு கடந்த பழங்கருவியை வாங்குவோர், பழைய ஒடுக்கிகளை மாற்றிச் சோதிக்கவல்ல தொழில்நுட்பரை முதலில் தேடிக்கொள்வது நன்று. அத்தகையவர் கிடைக்காத ஊரில் அக்கருவி அலங்காரப் பொருளாகவே முடியும்.

வாங்குமுன் இரண்டுவகை அம்பிளிபயர்களையும் ஒரே பெட்டியில், நன்கு பழகிய ஒரே இசைத்தட்டைக் கொண்டு, ஒரே ஒலியளவிற் கேட்டுப் பார்த்தல் வேண்டும். சற்றே உரத்த ஒலி நல்ல ஒலியாகத் தோன்றுவது செவியின் இயல்பு. ஆகவே, அளவைச் சமப்படுத்தாத சோதனை சோதனையன்று.

நல்ல பெட்டி இன்னும் வாய்க்காதவர் முதலில் அதற்கே பணத்தைச் செலவிடுவாராக. அதனால் உண்டாகும் மாற்றம் அம்பிளிபயரால் உண்டாவதினும் பெரிது. ஏற்ற பெட்டி, அளவான அறை, பழுது பார்ப்பவரின் துணை, வால்வுக்கென ஒதுக்கிய சிறுதொகை ஆகிய நான்கும் அமைந்து, சமமாகக் கேட்ட பின்னரும் செவி வால்வையே நாடுமாயின், தயங்காது வாங்கலாம். இவற்றுள் ஒன்று குறையினும் பொறுத்திருத்தல் நட்டமாகாது. இசை அதுவரையும் கேட்டுக்கொண்டே இருக்கும்படி கிடைக்கத்தான் செய்கிறது.