பழைய எம்ஜிபி திணறுவது ஏன்?

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை, வீட்டு ஷெட்டிலேயே பிரித்து மாட்டிப் புதுப்பிப்பவர்கள் இன்றும் ஏராளம். அவர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் ஒன்று: ஐட்லிங்கில் சீராக ஓடும் இன்ஜின், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திணறுகிறது.

ஏன்?

இதன் எஸ்யூ கார்புரேட்டர்கள் ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் நகரும் பிஸ்டன் ஒன்று உண்டு. அதன் அடியில் பொருத்திய கூரான ஊசி, பெட்ரோல் வரும் துளைக்குள் இறங்கியிருக்கும். இன்ஜின் அதிகக் காற்றை இழுத்தால் பிஸ்டன் எழும். ஊசியும் உயர, துளை அகலமாகத் திறக்கும். காற்றுக்கேற்ற பெட்ரோல் தானாகவே சேர்ந்துவிடும்.

ஆனால் திடீரென மிதிக்கும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பிஸ்டன் சட்டென்று எழுந்துவிட்டால் காற்றின் வேகம் தளர்ந்து, பெட்ரோலை உறிஞ்சும் விசை குறையும். அதைத் தடுக்கவே பிஸ்டன் தண்டின் குழிக்குள் எண்ணெய் ஊற்றப்படுகிறது. அது பிஸ்டனை மெல்ல எழ வைக்கும். எண்ணெய் வற்றினால் கலவை மெலிந்து திணறல் வரும்.

எப்படிச் சரிசெய்வது?

இன்ஜினை நிறுத்தி, கார்புரேட்டர் உச்சியிலுள்ள மூடியைத் திருகி எடுத்து எண்ணெயைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் எஸ்ஏஇ 20 எண்ணெய் ஊற்றலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். பாதியில் நின்றால் உள்ளே அழுக்கு இருக்கலாம், அல்லது ஊசி துளையின் நடுவிலிருந்து விலகியிருக்கலாம்.