தலையைத் திருப்பினால் திரை திரும்பும்: கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு கைவேலை

கணினி விற்கும், போன் திருத்தும் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கே இந்த வாரப் பக்கம்.

கணினியில் லொறி ஓட்டியும் விமானம் பறக்கவிட்டும் விளையாடும் பிள்ளைகள் உங்கள் கடைக்கும் வருவார்கள். 2012இல் வெளிவந்த 'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2' அத்தகைய ஒன்று. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும்போது பக்கக் கண்ணாடியைப் பார்க்க மவுஸைத் தேடுவது தொல்லை. தலையைச் சற்றுத் திருப்பியதும் திரையிலுள்ள காட்சியும் திரும்பச் செய்யும் கருவிக்கு 'ஹெட் ட்ரெக்கர்' என்று பெயர்.

இதில் பெயர்பெற்றது அமெரிக்காவின் 'ட்ரெக் ஐஆர்'. விலை சுமார் 150 டொலர். டொலரை 300 ரூபாவாகப் பார்த்தாலே 45,000 ரூபா. கூலி, வரி வேறு. 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 வரை போனதை நாம் மறக்கவில்லை. இப்படிப்பட்ட பொருளில் பத்துப் பெட்டி இறக்கி அலுமாரியில் அடுக்குவது என் கணக்கில் சரிவராது.

பெட்டிக்குள் இருப்பதோ ஒரு கெமராவும் சில ஒளிப்புள்ளிகளும்தான். 2007இல் ஜொனி லீ என்ற அமெரிக்க ஆய்வு மாணவர், 'வீ' விளையாட்டுக் கருவியின் ரிமோட்டைத் தொலைக்காட்சியருகே வைத்து, கண்ணாடியில் இரண்டு அகச்சிவப்பு விளக்குகளைப் பொருத்தி இதையே செய்து காட்டினார்.

முதலில் செலவே இல்லாத வழியைப் பாருங்கள். 'ஓபன்ட்ரெக்' என்பது இலவச மென்பொருள். சாதாரண வெப்கேமில் தெரியும் முகத்தை வைத்தே அது தலையின் திருப்பத்தைக் கணிக்கும். தலை 15 பாகை திரும்பினால் விளையாட்டில் 90 பாகை திரும்பும்படி வைக்கலாம். கண் திரையை விட்டு விலகக் கூடாதல்லவா, அதற்காகத்தான் இந்தப் பெருக்கல்.

அறை இருட்டானால் வெப்கேம் மெதுவாகும், காட்சி தடுமாறும். அப்போதுதான் விளக்கு வேலை. மூன்று அகச்சிவப்பு எல்.ஈ.டி.களைத் தொடராக இணைத்து யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட்டில் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 1.4 வோல்ட் எடுக்கும். மீதிக்கு 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் விளக்கு கருகும். தொலைக்காட்சி ரிமோட்டில் இருப்பதும் இந்த வகைதான். ஆனால் அதன் ஒளி குறுகலாக விழும். உருண்டை நுனியை அரத்தால் தட்டையாக்கினால் அகலமாகப் பரவும். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் எரிகிறதா என்பதைப் போன் கெமராவில் பார்த்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் முன்பக்கக் கெமராவில் பாருங்கள். மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைக்காமல் ஒரு கம்பியில் முன்பின்னாகப் பொருத்தி, ஹெட்செட்டின் பக்கத்தில் கெமராவை நோக்கி மாட்ட வேண்டும். அணிபவரின் கண்ணை நோக்கி ஒளி விழக் கூடாது.

கெமராவின் உள்ளே அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு கண்ணாடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சாதாரண ஒளியைத் தடுக்கக் கழுவிய கலர் நெகடிவின் கறுத்த நுனியை வைக்கலாம். பழைய ஸ்டூடியோக்காரரிடம் கேட்டால் சும்மாவே தருவார். பழைய புளொப்பியின் உட்தகடும் சரிவரும். செகண்ட்ஹேண்டாக 'பிஎஸ்3 ஐ' கெமரா கிடைத்தால் விடாதீர்கள். விநாடிக்கு 60 படம் எடுக்கும், சாதாரண வெப்கேம் எடுப்பது 30தான்.

பணம் வாங்குமுன் பையன் விளையாடும் விளையாட்டு இதை ஏற்குமா என்று கேளுங்கள். எல்லாம் ஏற்பதில்லை. மென்பொருளுக்கு விலை போட வேண்டாம். அது இலவசம் என்று நாளைக்கே அவன் கண்டுபிடிப்பான். கூலிக்கும் சாமானுக்கும் தனித்தனியே பில் எழுதுங்கள்.

இன்னொன்று, கற்பிட்டிப் பக்கத்து உப்புக் காற்றில் சோல்டர் பொட்டுகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். பொட்டுக்கு மேல் சூட்டுப் பசை பூசிக் கொடுத்தால் அதே பிள்ளை அடுத்த மாதம் கம்பியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான்.