உடம்புக்குள்ளே வீடு தேடிப் போகும் மருந்து

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் உங்கள் வீடு இருந்தால், 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் சர்க்கரை மாத்திரை கொண்டுவருவதைப் பார்த்திருப்பீர்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய திட்டம் இது. அவர்கள் தெருவெல்லாம் மாத்திரையைக் கொட்டிவிட்டுப் போவதில்லை. யாருக்குத் தேவையோ அந்த வீட்டில்தான் கொடுக்கிறார்கள்.

ஆனால் உடம்புக்குள் போகும் மருந்து அப்படி இல்லை. ரத்தத்தில் கலந்து, நோய் இல்லாத இடத்துக்கும் போகிறது. பக்கவிளைவு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதைக் குறைக்க வந்த வழிதான் நானோ துகள். மருந்தைப் பொட்டலம் கட்டி அனுப்புவது மாதிரி.

நானோன்னா எவ்வளவு சின்னது?

ஒரு மில்லிமீட்டரை 10 லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் ரத்தச் சிவப்பணுவின் அகலம் சுமார் 7,000 முதல் 8,000 நானோமீட்டர். மருந்து சுமக்கும் துகள்களில் பல 100 நானோமீட்டருக்கும் கீழே.

இயற்கைக்கு இது புதுசு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் காய்ச்சுகிறார்களே, அந்தப் பாலிலேயே இருக்கிறது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம், சராசரியாக 150 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகச் சேர்ந்து கால்சியத்தைச் சுமக்கிறது. கன்றுக்குட்டிக்குத் தாய்ப்பசு கட்டிக்கொடுக்கும் பொட்டலம் அது.

மருத்துவத்தில் அதிகம் பயன்படும் பொட்டலத்தின் பெயர் லைப்போசோம். ஒருவகைக் கொழுப்பைத் தண்ணீரில் போட்டால் அது தானாகவே மூடிக்கொண்டு குமிழியாகிறது என்பதை 1960-களில் இங்கிலாந்தின் அலெக் பாங்ஹாம் கண்டறிந்தார். அந்தக் குமிழிக்குள்ளோ அதன் சுவரிலோ மருந்தை வைத்து அனுப்பலாம்.

கரும்பூஞ்சை காட்டிய வித்தியாசம்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், கரும்பூஞ்சை நோயைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களை இந்த நோய் அதிகம் தாக்கியது. அப்போது ஊரெல்லாம் தேடிய மருந்து ஆம்போடெரிசின் பி. தட்டுப்பாடு வந்ததால் மத்திய அரசே மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. 2021 ஜூன் 12-ல் அதற்கான ஜி.எஸ்.டி. வரியும் நீக்கப்பட்டது.

இந்த மருந்து பூஞ்சையின் செல் சுவ்வில் ஓட்டை போட்டு அதைக் கொல்லும். சிக்கல் என்னன்னா, நம் செல்களின் சவ்வையும் ஓரளவு தாக்கும். அடி அதிகம் விழுவது சிறுநீரகத்துக்கு. லைப்போசோமுக்குள் வைத்தால் வழியில் அதிகம் கசியாது. பூஞ்சை இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்ட பிறகுதான் பெரும்பகுதி வெளியாகும். சிறுநீரகப் பாதிப்பு குறையும். ஆனால் முழுசாகப் போய்விடாது. அதனால்தான் சிகிச்சையின்போது கிரியாட்டினின், பொட்டாசியம் அளவுகளை அடிக்கடி பார்க்கிறார்கள்.

இந்த மருந்தின் இந்திய வடிவத்துக்கு ஆராய்ச்சி செய்தவர்களில் முக்கியமானவர் பிமல் குமார் பச்சாவத். பல ஆண்டுகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய விஞ்ஞானி.

பலன் எவ்வளவு? பீகாரில் கருங்காய்ச்சல் என்ற காலா அசார் நோயாளிகளிடம் நடந்து, 2010-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். பழைய மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முறை ஏற்ற வேண்டியிருந்தது. லைப்போசோம் மருந்து ஒரே முறை. இரண்டிலும் 95 சதவீதத்துக்கு மேல் குணமானார்கள்.

பெயர் ஒன்று, அளவு வேறு

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சாதா ஆம்போடெரிசின் பி மருந்தை ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது. லைப்போசோம் வடிவத்தில், கரும்பூஞ்சைக்கு வழக்கமாக 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும் கொடுப்பார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு லைப்போசோம் வடிவத்தில் 300 மில்லிகிராம் என்று எழுதியிருக்க, அதே அளவில் சாதா மருந்தை ஏற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வெளிநாடுகளில் இப்படி மாறிப்போய் உயிரிழப்பு நடந்திருக்கிறது. புற்றுநோய்க்கான டாக்ஸோரூபிசின் மருந்துக்கும் இந்த இரண்டு வடிவமும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருந்துச் சீட்டை போனில் படம் எடுத்து வையுங்கள். 'லைப்போசோமல்' என்ற சொல் சீட்டிலும் மருந்துக் குப்பியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஊசி போடும் முன்பே செவிலியரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

• "அது இல்லை, இது இருக்கு" என்று மருந்துக்கடையில் சொன்னால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

• மருந்தை வாங்கிவரச் சொன்னால், லேபிளில் உள்ள வெப்பநிலையில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைய விடக் கூடாது.

• ஊசி ஏறும்போது நடுக்கம், மூச்சுத்திணறல், முதுகுவலி வந்தால் உடனே சொல்லுங்கள். பக்கவிளைவைப் பதிவு செய்ய கட்டணமில்லா எண்: 1800 180 3024.

• செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, குடும்ப அட்டையுடன் விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். உங்கள் சிகிச்சை இதில் வருமா என்று கேட்க: 1800 425 3993.

• வாட்ஸ்அப்பில் வரும் 'நானோ' சொட்டு, 'நானோ' பவுடர் எதையும் நம்பி வாங்காதீர்கள். நானோ மருந்துகளை மதிப்பிட மத்திய அரசு 2019 அக்டோபரில் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. உற்பத்தி உரிம எண் இல்லாத பொருள் மருந்தே அல்ல.

சர்க்கரை உள்ளவர்களுக்கு முகத்தில் ஒருபக்க வலி, கண்வீக்கம், மங்கலான பார்வை, மூக்கில் கறுப்பாகக் கசிவு — இதில் எது வந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. எவ்வளவு நல்ல பொட்டலத்தில் கட்டிய மருந்தானாலும், நேரத்தோடு போனால்தான் அது வேலை செய்யும்.