விறகுப்புரையில் கிடக்கும் வாப்பாவின் சைக்கிள்



உங்கள் வீட்டின் பின்புறத்திலுள்ள விறகுப்புரையை அண்மையில் எப்போதேனும் எட்டிப் பார்த்ததுண்டா? ஓலைக் குவியலுக்கும் உடைந்த கட்டிலுக்கும் இடையே, காற்றிறங்கிய சக்கரங்களோடு ஒரு பழைய சைக்கிள் அங்கே சாய்ந்து நிற்கக்கூடும். அது உங்கள் வாப்பா ஓட்டியதாக இருக்கலாம். பாட்டனார் ஓட்டியதாகவும் இருக்கலாம். "ஆக்கர் கடைக்காரர் வந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டும்" என்று வீட்டிலுள்ளோர் பலமுறை சொல்லியிருப்பார்கள். போடுவதற்கு முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள். விவரம் அறியாமல் போட்டுவிட்டுப் பின்னர் வருந்தியவன் நான்.

எங்கள் ஊர் திருவட்டாறு. ஆறு வளைந்தோடும் ஊர். ஏற்றமும் இறக்கமுமான சாலைகள். மர்ஹூம் வாப்பா அவர்கள் துணி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு குலசேகரம், அருமனை, தக்கலை என்று இந்த ஏற்றங்களை மிதித்தும் தள்ளியும் கடந்து, எங்கள் ஐவரையும் வளர்த்தார்கள். அவர்கள் மௌத்தான பின் அந்த வண்டி மூன்று மழைக்காலம் நனைந்து கிடந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்த ஒரு நாளில் அதை எடைக்கு விற்றோம். இருபது கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. கிடைத்த பணம் அன்றைய வேலையாட்களின் சாப்பாட்டுச் செலவுக்குச் சரியாகிவிட்டது.

பல ஆண்டுகளுக்குப் பின், பழைய சைக்கிள்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் கண் நின்றுவிட்டது. செயின் ஓடும் பற்சக்கரத்தின் நடுவே ஐந்து மனிதர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சிறு வயதில், வாப்பா பள்ளிவாசலுக்குள் தொழுதுகொண்டிருக்கும் வேளையில், வெளியே நின்ற வண்டியின் பெடலைக் கையால் சுற்றி அந்த ஐந்து மனிதர்களையும் ஓட விட்டு வேடிக்கை பார்த்தவன் நான்! அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஹம்பர் சைக்கிள். அன்று தொடங்கியது என் தேடல்.

எந்த வண்டி எங்கே பிறந்தது?

பழைய சைக்கிளைத் தேடுவோர் முதலில் கற்க வேண்டியது அதன் அடையாளம். பெயிண்ட் உதிர்ந்து பெயர் அழிந்திருந்தாலும், பற்சக்கரமும் முன்கழுத்து முத்திரையும் பேசும்.

நாரையின் தலை பொறித்திருந்தால் அது ராலே. நாட்டிங்காம் நகரின் ராலே தெருவில் தொடங்கியதால் 1888இல் அந்த நிறுவனத்துக்கு அப்பெயர் அமைந்தது. விரித்த கையொன்று தெரிந்தால் அது ரட்ஜ். மூன்று துப்பாக்கிகள் சாத்தி வைத்தது போன்ற முத்திரை பி.எஸ்.ஏ.வினுடையது. அந்நிறுவனம் முதலில் துப்பாக்கி செய்தது என்பதே காரணம். ஓடும் மனிதர் ஐவர் ஹம்பருக்கு உரியவர்கள். ஹம்பருக்கு இன்னோர் அடையாளமும் உண்டு: முன் சக்கரத்தைத் தாங்கும் கவையில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்க வேண்டிய குழாய், இரண்டிரண்டாக இருக்கும்.

ஆனால் முத்திரையை மட்டும் நம்பி ஏமாந்துவிடாதீர்கள். சுதந்திரத்துக்குப் பின் உள்நாட்டுத் தொழிலைப் பேணும் பொருட்டு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அமைந்து, அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் வந்தன. வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலே ஆலை ராலே, ஹம்பர், ரட்ஜ் பெயர்களிலேயே வண்டிகளைச் செய்தது. ஆகவே 'இங்கிலாந்தில் செய்தது' என்ற எழுத்து எங்கேனும் எஞ்சியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அது இந்திய வண்டியாக இருக்கக்கூடும்.

இந்திய வண்டி என்று எளிதாகத் தள்ளிவிடவும் வேண்டா. சென்-ராலே ஆலை இன்று இல்லை. 1951இல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை, 2020 ஜூன் 3ஆம் நாள், உலக சைக்கிள் தினத்தன்றே உற்பத்தியை நிறுத்தியது. நேற்று வரை தெருவெங்கும் ஓடியவை, இன்று தேடிப் பேண வேண்டியவை ஆகிவிட்டன.

எங்கே தேடுவது?

எங்கள் மாவட்டத்தில் ஆக்கர் கடை என்பதைச் சென்னைப் பக்கம் காயலான் கடை என்பார்கள். வணிகத்தில் பெயர் பெற்ற காயல்பட்டினத்தாரிடமிருந்து அப்பெயர் வந்தது என்பது வழக்கு. 1985இல் தீக்கிரையாகும் வரை சென்னை மூர் மார்க்கெட் பழம்பொருள் தேடுவோரின் புகலிடமாக விளங்கியது. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதியும், கோவை உக்கடத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் தேடுவோர் கால் வைக்கும் இடங்களே.

ஆயினும் என் அனுபவத்தில், நல்ல உறுப்புகள் கிடைத்தவை பெரிய சந்தைகளில் அல்ல. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருக்கும் சிற்றூர்ச் சைக்கிள் கடைகளில்தான். வாடகைக்கு வண்டி விட்ட காலத்துக் கடைகள் அவை. பரணில் ஏறிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பழைய டைனமோ, பித்தளை மணி, கம்பி பிரேக்கின் துண்டுகள், நகராட்சிக்கு வரி கட்டி வாங்கிய சைக்கிள் வில்லை என்று எதுவும் அங்கே கிடைக்கலாம். ஆனால் முதல் நாளே விலை பேசாதீர்கள். ஒரு பஞ்சரை ஒட்டிக்கொண்டு, ஒரு தேநீர் அருந்தி, அவர் சொல்லும் கதையைக் கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை போகும்போது அவரே பரணில் ஏறுவார்.

பார்த்து வாங்க வேண்டியவை

குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு பருவமழை. அதற்கும் மேலாகக் கடற்காற்று. ஆதலால் துருவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பளபளப்பான இடங்களில் உள்ள மேற்துரு பெரிதன்று. வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சு நுழையும் குழாயின் அடிப்பாகத்தைப் பாருங்கள். மழைநீர் இறங்கித் தேங்குமிடம் அது. அங்கே ஓட்டை விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். மீன் கூடை சுமந்த வண்டியானால் பின் ரிம்மையும் கேரியரையும் நன்கு சோதியுங்கள். உப்புநீர் சொட்டிச் சொட்டி அரித்திருக்கும்.

அடுத்து, முன்கழுத்துக்குச் சற்றுக் கீழே, இரு குழாய்களின் அடிப்பகுதியை விரல்களால் தடவுங்கள். சிறு புடைப்போ பெயிண்ட் விரிசலோ தட்டுப்பட்டால், அந்த வண்டி எதிலோ மோதியிருக்கிறது என்று பொருள். பின்னர் வண்டிக்குப் பின்னால் குனிந்து நின்று, இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நோக்குங்கள்.

சட்டம் நன்றாயிருந்தால் மற்றவை கைகூடும். இப்பழைய வண்டிகளின் டயர் அளவு பெரும்பாலும் 28 அங்குலம், 1½ அங்குலம். நம் நாட்டில் இன்றும் அதே அளவில் சாதாரண சைக்கிள்கள் செய்யப்படுவதால், டயரும் டியூபும் எளிதில் கிடைக்கும். மேலைநாட்டார் தேடி அலையும் பொருள், நமக்குத் தெருமுனைக் கடையில்! டன்லப் 1888இல் காற்றடைத்த சைக்கிள் டயருக்குக் காப்புரிமை பெற்றார். டயருக்கு வேண்டிய ரப்பர் இன்று எங்கள் குலசேகரத்து மலையடிவாரத்திலும் வடிக்கப்படுகிறது.

கிடைத்தற்கு அரியவை இரண்டு. ஒன்று, புரூக்ஸ் தோல் சீட். 1866இல் பர்மிங்காமில் தொடங்கிய நிறுவனத்தின் ஆக்கம். தோல் கிழியாமல் காய்ந்து மட்டும் இருந்தால் மீட்டெடுக்கலாம். மற்றொன்று, பின் சக்கரத்தின் நடுவே பொருத்திய ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேக ஹப். நடுநிலையில் சாதாரண வண்டி போல் ஓடும். கீழ்நிலையில் வேகம் கால் பங்கு குறைந்து ஏற்றம் இலகுவாகும். மேல்நிலையில் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். 1936இல் வந்த இந்த வகை ஹப்பின் மேலோட்டில், செய்யப்பட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொதுவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் வயதை அறிய இதுவே எளிய சான்று. ஆனால் சக்கரம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்க.

செப்பனிடும் முறை

வாங்கிய உற்சாகத்தில் புது பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்! இதுவே பலர் செய்யும் தவறு. பழைய கறுப்பு எனாமலும், அதன் மேல் ஓடும் மெல்லிய பொன் கோடுகளும் ஒரு முறை போனால் போனவையே. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஓர் ஓரத்தில் மெல்லத் துடைத்துப் பாருங்கள். எழுத்துகள் கரையாவிட்டால் தொடருங்கள். நிக்கல், குரோமியம் பூசிய பாகங்களில் உள்ள துருவுக்கு, மிட்டாய் சுற்றிவரும் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

கழற்றும்போது பொறுமை வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது. வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்றினால்தான் கழலும். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டும் முன், கிராங்குக்கு அடியில் தரையிலிருந்து ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். இல்லையேல் அடி முழுவதும் உள்ளிருக்கும் பால்ஸ்களின் மேல் இறங்கும். பின் கெட்டாலும் கவலையில்லை. சில ரூபாய்க்குப் புதிது கிடைக்கும். மரைகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. பழைய ராலே வண்டியின் பெடல் அச்சுக் கப்புகளில் ஓர் அங்குலத்துக்கு 26 இழைகள். மற்ற ஆங்கில வண்டிகளில் பொதுவாக 24. ஒன்றில் மற்றதை வலிந்து முறுக்கினால் சட்டமே பாழாகும்.

ஓவராயில் செய்து முடித்தபின் தையல் இயந்திர எண்ணெய் சில துளிகள் விடுங்கள். தோல் சீட்டை மட்டும் எண்ணெயில் ஊற வைக்காதீர்கள், அது தொய்ந்துவிடும்.

மலிவு என்பது எது?

இனி, நான் சொல்ல விரும்பிய செய்திக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தக்கலைக்கு அப்பால் ஒரு வீட்டில் பழைய சைக்கிள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் கதவருகில் நின்று, விறகுப்புரையைச் சுட்டிக் காட்டினார். உள்ளே நுழைந்து சாக்கை விலக்கினேன். இரட்டைக் குழாய்க் கவை! பற்சக்கரத்தில் துருவேறிய ஐந்து மனிதர்கள்! ஆண்டுக்கணக்கில் நான் தேடிய ஹம்பர்!

"அவங்க ஓட்டினது தம்பி. எண்ணூறு ரூவா தந்தா எடுத்துக்கிடுங்க. ஆக்கர்காரன் ஐந்நூறுதான் சொன்னான்" என்றார் அந்த அம்மையார்.

பணம் என் பையில் இருந்தது. கை பைக்குள் போகவும் செய்தது. உண்மையைச் சொல்வதானால், சற்று நேரம் நான் பேசவில்லை. பொருளின் குறையை மறைத்து விற்பது கூடாது என்று நம் மார்க்கம் போதிப்பதை நாம் அனைவரும் அறிவோம். பொருளின் நிறைவை மறைத்து வாங்குவது மட்டும் எப்படிச் சரியாகும்? எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. அந்த எண்ணூறு ரூபாய், வண்டியின் விலையன்று. அவருடைய அறியாமையின் விலை.

"உம்மா, இது எண்ணூறு ரூபாய் வண்டியல்ல. இதைத் தேடுவோர் பல ஆயிரம் தருவார்கள். நானும் என்னால் இயன்றதைத் தருகிறேன். உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றேன். தம்மாமிலிருந்த மகனுக்குத் தொலைபேசி போயிற்று. "வாப்பா வண்டியா? அதை யாருக்கும் குடுக்க வேண்டாம்மா" என்ற பதில் வந்தது.

வெறுங்கையோடு திரும்பினேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மறு வாரம் அந்த வீட்டிலிருந்தே அழைப்பு வந்தது: "தம்பி, அதைச் சரியாக்கித் தருவீங்களா?" உறுப்புகளுக்கான செலவை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒன்றரை மாதம் வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த வண்டியோடு இருந்தேன். வளைந்திருந்த கேரியரை மாற்றப் புறப்பட்டபோது அம்மையார் தடுத்தார்: "அது அவங்க அரிசி மூட்டை ஏத்தி வளைஞ்சது. அப்படியே இருக்கட்டும்." அப்படியே இருக்கிறது. இன்று அவருடைய பேரன் அதில் கடைக்குப் போய் வருகிறான்.

வாசகர்களே! பழைய வண்டியை மலிவாக வாங்குவதில் குற்றமில்லை. அந்த மலிவு, பரணில் ஏறிய உழைப்பாலும், மாதக்கணக்கில் காத்திருந்த பொறுமையாலும், துருவுக்குள் இருப்பதைக் காணக் கற்ற கண்ணாலும் வரட்டும். எதிரில் நிற்பவர் அறியாதிருப்பதால் வர வேண்டா.

விற்பவராக இருந்தாலும் இதுவே பாடம். அடுத்த முறை ஆக்கர் கடைக்காரரின் குரல் தெருவில் கேட்கும்போது, விறகுப்புரைக்குச் சென்று, பற்சக்கரத்தின் மேலுள்ள அழுக்கை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். நாரையோ, கையோ, ஓடும் மனிதர்களோ தெரிந்தால், முதலில் உங்கள் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.