மீண்டும் சைக்கிளில் ஏறுவதா?

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் நிலைமையை அறிய விரும்புவோர் அவ்வீட்டு விறாந்தையை ஒருமுறை எட்டிப் பார்த்தாற் போதும். அங்கே எத்தனை சைக்கிள்கள் சாத்தப்பட்டிருக்கின்றனவோ, அத்தனை பேர் அவ்வீட்டில் தம் காலில் நிற்கின்றனர் என்று கொள்ளலாம். எமது வீட்டு விறாந்தையில் நிற்பவை இரண்டு. ஒன்று எம்முடையது, மற்றது ஒன்பதாந் தரத்திற் படிக்கும் எம் பேத்தியுடையது. இவற்றுள் எம்முடையது பதினொரு வாரம் அசையாது நின்றது. அப் பதினொரு வாரமும் அதனை விற்பதா, வைத்திருப்பதா, வைத்திருந்தால் ஏறுவதா என்ற வழக்கு எமது மனத்துள் நடந்துகொண்டேயிருந்தது. இத்தகைய வழக்கு வேறு பல வீடுகளிலும் நடந்திருக்கும் என்பதனாலேயே இதனை இங்கு எழுதத் துணிந்தோம்.

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து ஒரு மாலைப்பொழுது. திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு பலாலி வீதி வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. விளக்கேற்றும் நேரம். வீதியோரம் நிறுத்தப்பட்டிருந்த வான் ஒன்றின் சாரதிப் பக்கக் கதவு திடீரெனத் திறந்தது. பிறேக்கை அழுத்தினோம், சைக்கிள் நிற்கவில்லை. வலப்புறம் வெட்டினோம், பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் எமது பின்சில்லைத் தட்டிற்று. அதன் பின்னர் எமது நினைவில் நிற்பவை, கத்தரிக்காய்கள் வீதியில் உருண்டோடிய காட்சியும், “மாஸ்டர், அசையாதேங்கோ” என்று யாரோ ஒருவர் சொன்ன குரலுமே.

இடது காறை எலும்பு முறிந்திருந்தது. சைக்கிளிலிருந்து விழுவோர் பெரும்பாலும் தோளை அடித்து விழுவர், அல்லது உள்ளங்கையை ஊன்றி விழுவர். ஆதலின் காறை எலும்பும் மணிக்கட்டுமே முதலில் முறிபவை என வைத்தியர் விளக்கினார். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் பொறுத்திருக்கச் சொன்னார். எலும்பு சொன்னபடி ஆறு வாரத்திற் பொருந்திற்று. பொருந்தாதது வேறொன்று.

வீட்டிலே தீர்ப்பு முதல் நாளே வழங்கப்பட்டுவிட்டது. “இனி உந்தச் சைக்கிளைத் தொடக்கூடாது, சொல்லிப்போட்டன்” என்றார் எமது இல்லாள். “சந்தைக்குப் போறதெண்டால் ஓட்டோ பிடிச்சுப் போங்கோ, அப்பா” என்றான் மகன். 2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருளின்றி மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, எமது சைக்கிளையே இரவல் வாங்கி வேலைக்குப் போய்வந்தவன் இவன்தான். அதனை நினைவூட்ட எமக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்வதானால், அத்தீர்ப்பை நாம் எதிர்க்கவேயில்லை, உள்ளூர மகிழ்ந்தோம். ஏனெனில் எமக்குப் பயம் பிடித்திருந்தது.

பயம் என்று வாய்விட்டுச் சொல்ல ஆண்மக்கள் கூசுவர். நாமும் கூசினோம். “வயது போய்விட்டது, இனி எதற்கு?” என்று வருவோரிடமெல்லாம் கூறிவந்தோம். ஆனால் படலையின் கொக்கி விழும் ஓசை கேட்டால் உடல் திடுக்கிட்டது. வீதியில் பஸ் வண்டி ஹோர்ன் அடித்தால் உள்ளங்கை வியர்த்தது. கதவு திறக்கும் கனவு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்தது. இவற்றை வைத்தியரிடம் கூறியபோது அவர் நகைக்கவில்லை. விபத்திற் சிக்கியோருக்கு முதற் சில வாரங்களில் இவ்வாறு நேர்வது இயல்பு. பெரும்பாலோர்க்குத் தானே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் தணியாது வாட்டுமாயின் அதற்கென உள்ள வைத்தியரை நாடவேண்டும் என்றார். மேலும் ஒன்று சொன்னார். பயந்த இடத்தை விட்டு விலகுந்தோறும் அப்போதைக்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் பயமோ வளரும். சிறிது சிறிதாக அவ்விடத்தை அணுகினாலன்றி அது குறையாது என்றார். எமக்கு இரவிற் கனவு குறையத் தொடங்கியிருந்ததனால் வேறு மருந்து எதுவும் தரவில்லை.

வீட்டுத் தீர்ப்பைத் தலைகீழாக்கியது வைத்தியர் சொல் அன்று. எம் பேத்தியின் ஒரு கேள்வியே. எட்டாவது வாரமளவில் மகன், “நீயும் இனி ரியூசனுக்குச் சைக்கிளிலே போகவேண்டாம், நான் வேலையால் வந்து ஏற்றிக்கொண்டு போறன்” என்று அவளிடம் கூறிவிட்டான். அவன் வேலை முடிந்து வரும் நேரம் ஆறு மணி. அதற்கு முன் நடக்கும் கணித வகுப்பும் விஞ்ஞான வகுப்பும் அவளுக்கு இல்லையென்றாயிற்று. அன்றிரவு அவள் எம்மிடம் வந்து, “அப்பப்பா, நீங்கள் விழுந்ததுக்கு நான் ஏன் வகுப்பை விடவேணும்?” என்றாள்.

எமக்கு விடை தெரியவில்லை. எமது பயத்தை எமது வீட்டுக்குள் அடக்கி வைத்திருக்கிறோம் என்றெண்ணியிருந்தோம். அஃது ஒரு பிள்ளையின் கொப்பி வரை நடந்து போயிருந்தது. பெண்பிள்ளை சைக்கிளோடுவதா என்று மூக்கில் விரல் வைத்த காலம் ஒன்று இவ்வூரில் இருந்தது. அதனைக் கடந்து வந்த தாய்மாரின் பிள்ளைகள் இன்று வெள்ளைச் சீருடையோடு அணியணியாகச் சைக்கிளிற் செல்கின்றனர். அந்த அணியிலிருந்து ஒருத்தியை இறக்கிவிட்டவர் நாமாக இருக்கலாகாது என்று தோன்றிற்று. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ‘போ’ என்று சொல்லவும் இயலாது. விழுந்தது மெய்தானே.

ஆதலின் நடந்தது யாது என்பதைக் கழற்றிப் பார்ப்பதென முடிவு செய்தோம். மறுநாளே சைக்கிளைக் கைகொடுத்து உருட்டச் செய்து சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரத் தம்பி முன்சில்லின் இருபுறமும் ஓடும் கவையை, அவர் மொழியிற் சொன்னால் ‘போக்’கை, பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “பின்னுக்கு மடிஞ்சிருக்கு மாஸ்டர், நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தி ஓடவேண்டாம்” என்றார். மடிந்து நிமிர்ந்த இரும்பு மடிந்த இடத்திலே தளர்ந்திருக்கும். ஒரு நாள் எச்சரிக்கையின்றி ஒடியும். புதியது போடச் சொன்னோம். பின்னர் பிறேக் கட்டைகளைக் கழற்றி எமது கையில் வைத்தார். இறப்பர் கல்லாய் இறுகியிருந்தது. “எப்ப மாத்தினது?” என்றார். எமக்கு நினைவில்லை. பழைய சைக்கிள்களின் றிம் முலாம் பூசிய இரும்பு. அது நனைந்தால் புதிய இறப்பர் கூட வழுக்கும். இறுகிய இறப்பரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அலுமினிய றிம் ஈரத்திலும் ஓரளவு பிடிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம். டைனமோ இருந்தது, விளக்கில் பல்ப் இல்லை. எப்போது போயிற்று என்பதும் நினைவில்லை.

வீட்டுக்கு வந்து, பழைய மாணவர் கொப்பியொன்றின் பின்பக்கத்தில் கணக்கெழுதினோம். பிறேக் பிடிக்காதது எமது குற்றம். விளக்கின்றி இருளில் ஓடியது எமது குற்றம். மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் எம்மைக் கண்டிருக்கவே மாட்டான். மரக்கறிப் பையைக் கரியரிற் கட்டாது கைபிடியிற் கொழுவியிருந்தோம். வெட்டும்போது அது சில்லை ஒருபுறம் இழுத்தது. வானுக்கும் எமக்கும் இடையே இரண்டு அடி கூட இல்லை. ஒரு கதவு திறக்க அதைவிட அதிக இடம் வேண்டும். ‘ஓரமாகப் போ’ என்று சிறுவயதிற் கற்ற பாடத்தை நிற்கும் வாகனத்தின் ஓரத்துக்கும் பொருத்திக்கொண்டோம். மறுபக்கத்தில், பாராது கதவைத் திறந்தது அவர் குற்றம். ஈரவீதியில் அத்துணை நெருங்கி வந்தது இளைஞனின் குற்றம்.

ஆறில் நான்கு எம்முடையவை. வாசகர் இதனைப் படித்து, விழுந்தவன் மேலேயே பழி என்று கொள்ளலாகாது. விளக்கும் பிறேக்கும் செவ்வையாய் இருக்க, வீதியோரமாய்ச் சென்றவரைப் பின்னால் வந்து மோதிய வாகனங்கள் எத்தனையோ. அவர்களுடைய கணக்கில் அவர்கள் பக்கம் ஒன்றுமிராது. அவர்கள் சைக்கிளை விட்டுவிட்டால் அதனைக் கோழைத்தனம் என்பவர் மூடர். நாம் சொல்வது எமது கணக்கை மட்டுமே. எமது பக்கம் நான்கு இருந்தமை வெட்கத்தைத் தந்தது. ஆனால் அந்த நான்கையும் நாமே திருத்திக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

கணக்கெழுதும்போது வேறொன்றும் புலப்பட்டது. எமது சைக்கிளோட்டம் எந்த வீதியிற் பழகியது? 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மோட்டார் வாகனங்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின, அல்லது கொட்டிலிற் கிடந்தன. வீதி முழுவதும் சைக்கிளே. விறகும் அரிசிமூட்டையும் நோயாளியும் சைக்கிளிலே போயினர். மின்கலம் இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் மழையில் இடம்பெயர்ந்த இரவில், எம் தாயாரைக் கரியரில் இருத்தி உருட்டிச் சென்றதும் ஒரு சைக்கிளே. அதனை இரும்புக்கு விற்கும் எண்ணம் எழுந்தபோதெல்லாம் அந்த இரவு குறுக்கே நின்றது.

ஆனால் அந்த வீதி இன்று இல்லை. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னர் வீதிகள் அகலமாயின. ‘காப்பெற்’ வீதிகள் என்று மக்கள் சொல்லும் வழவழப்பான வீதிகள் வந்தன. குழியில் விழுந்து எழுந்து வந்த வாகனங்கள் இப்போது பறந்து வருகின்றன. வேகம் இருமடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும் என்பது நாமே வகுப்பிற் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பாடம். வெறும் வீதியிற் பழகிய கால்களைக் கொண்டு நிறைந்த வீதியில் நாம் ஓடிக்கொண்டிருந்தோம்.

விபத்துக்கு அஞ்சிச் சைக்கிளைக் கைவிட்ட ஊர்கள் உலகிற் பலவுண்டு. நெதர்லாந்து வேறுவிதமாகச் செய்தது. 1971ஆம் ஆண்டில் அச்சிறிய நாட்டின் வீதிகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர்கள் பிள்ளைகளைச் சைக்கிளிலிருந்து இறக்குவதற்குப் பதிலாக, ‘பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற பெயரால் ஓர் இயக்கம் தொடங்கி வீதியில் இறங்கினர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் அவர்களுக்குத் துணையாயிற்று. தனிச் சைக்கிள் பாதைகள் வந்தன. இன்னொன்று: எங்கே சைக்கிளோட்டுவோர் தொகை கூடுகின்றதோ, அங்கே ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து குறைகின்றது என்பதை 2003இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேக்கப்சன் பல ஊர்களின் கணக்கைக் கொண்டு காட்டினார். ஐந்து பிள்ளைகள் சேர்ந்து போகும்போது சாரதியின் கண்ணுக்குத் தப்புவதில்லை; ஒருத்தி தனித்துப் போகும்போது தப்பலாம். எம் பேத்தியை இறக்கிவிட்டால் மற்றை நால்வரும் அந்த அளவுக்குத் தனித்துப் போவர்.

பத்தாவது வாரம் வீட்டில் மறுவிசாரணை நடந்தது. கொப்பியை மகனிடம் நீட்டினோம். அவன் இருமுறை படித்தான். வான் கதவைப் பற்றிய வரியில் சற்று நின்றான். அவனும் வாகனம் ஓட்டுபவன் அல்லவா? நெதர்லாந்தில் வாகனத்திலிருந்து இறங்குவோருக்குக் கற்பிக்கும் ஒரு சிறு பழக்கத்தை அப்போது அவனுக்குச் சொன்னோம். கதவுக்கு அண்மையிலுள்ள கையால் திறவாது, தூரத்துக் கையால் திறக்கவேண்டும். எமது நாட்டுச் சாரதிக்கு அஃது இடக்கை. அவ்வாறு கையை நீட்டும்போது உடல் தானே திரும்பும். கண் பின்னால் வருவோரைக் காணும். அவன் கதிரையில் இருந்தபடியே இடக்கையை நீட்டிப் பார்த்தான். இல்லாள் மட்டும், “எழுதினது எல்லாம் சரி, மழைக்கை போறேல்லையெண்டு அதிலை எழுதுங்கோ” என்றார். எழுதினோம். இருட்டிய பின் ஓடுவதில்லை என்பதையும் அவர் சொல்லாமலே சேர்த்தோம். எமது கண்ணுக்கு எதிரே வரும் விளக்கொளி இப்போது கூசுகின்றது.

பேத்தி மறுநாளே வகுப்புக்குப் போனாள். அவளுடைய சைக்கிளுக்குப் புதிய பிறேக் கட்டையும், முன்னும் பின்னும் விளக்கும் பூட்டிய பின்னரே தந்தை விட்டான். தலைக்கவசம் ஒன்றும் வாங்கினான். தோழியர் சிரிப்பர் என்று முதலில் முகத்தைச் சுளித்தாள். இப்போது அந்த ஐவரில் இருவர் அணிகின்றனர்.

எமது முறை பதினோராம் வாரம் வந்தது. முதல் நாள் ஒழுங்கை முடக்கு வரை உழக்கித் திரும்பினோம். மறுநாள் கோயிலடி வரை. கால் மறக்கவில்லை, தோள்தான் இறுகிக் கிடந்தது. மூன்றாவது கிழமையிற் சந்தைக்குப் போனோம், பலாலி வீதியால் அன்று, உள்ளொழுங்கைகளால். பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கின்றது. நாய்கள் இரண்டு மூன்று துரத்துகின்றன; நாய்க்குப் பயமில்லை. சந்தையை அடைய ஓரிடத்தில் பெருவீதியைத் தொடாமல் முடியாது. அங்கே வீதியோரம் எப்போதும் ஏதேனும் ஒரு வாகனம் நிற்கின்றது. அதன் கண்ணாடியில் சாரதியின் தலை தெரிகின்றதா என்று பார்க்கின்றோம். தெரிந்தால் இன்னும் இறங்கி உருட்டிக்கொண்டே அதனைக் கடக்கின்றோம். வீட்டுப் படலையிலே மணியடித்த பின்னர்தான் இல்லாள் குசினிக்குள் திரும்பிப் போகிறார்.